செம்மறியாட்டின் உட்காவல்

நெடுநாள் வறட்சிக்குப் பின் மழை பெய்து, தரையெங்கும் பசும்புல் தழைக்கும்போது ஆடு வளர்ப்போரின் மனமும் குளிர்கின்றது. கோடையில் மெலிந்த மந்தை இனித் தேறிவிடும் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும், உலகின் வெப்ப நாடுகள் பலவற்றில், மழை பெய்து சில வாரங்கள் கழிந்த பின்னரே செம்மறிக் குட்டிகள் சோர்ந்து விழத் தொடங்குகின்றன. வயிறார மேய்ந்த குட்டி மந்தையோடு நடக்கமாட்டாமற் பின்தங்குகின்றது. அதன் தாடையின் கீழ் நீர் கட்டி வீங்குகின்றது. கண்ணிமையின் உட்புறம் இரத்தச் சிவப்பை இழந்து வெளிறிப்போகின்றது. சில நாள்களுள் குட்டி இறந்துவிடுகின்றது. கழிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இறந்த குட்டியின் நான்காம் இரைப்பையைத் திறந்து பார்த்தாலே காரணம் புலப்படும். அங்கே தலைமயிர் போன்ற மெல்லிய புழுக்கள் ஆயிரக்கணக்கில் நெளிந்துகொண்டிருக்கும்.

இப்புழுவை விஞ்ஞானிகள் ஹீமொங்கஸ் கொன்ரோற்றஸ் என்று அழைப்பர். பெண்புழு 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளமுடையது. குருதி நிறைந்த அதன் செந்நிறக் குடலைச் சுற்றி வெண்ணிறமான கருப்பைக் குழாய்கள் திருகிக் கிடக்கின்றன. மேனாடுகளில் நாவிதர் கடைவாயிலில் செம்மையும் வெண்மையும் திருகிச் செல்லும் கம்பம் ஒன்றை நாட்டுவது பழைய வழக்கம். அக்கம்பத்தை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் இதனை நாவிதர் கம்பப் புழு எனவும் கூறுவர். செம்மறியாட்டின் குடலிலும் இரைப்பையிலும் வாழும் புழுவினங்கள் பலவாயினும், வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் அதிக உயிர்களைக் கொள்ளைகொள்வது இதுவே.

இதன் வாழ்க்கை வட்டத்தை அறிந்தாலன்றி மழைக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு விளங்காது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள்வரை இடுகின்றது. முட்டைகள் பிழுக்கையோடு நிலத்தில் வீழ்கின்றன. வெப்பமும் ஈரமும் வாய்ப்பின், ஏறத்தாழ ஒரு வாரத்துள் முட்டையிலிருந்து வெளிவந்த குடம்பி இருமுறை தோலுரித்து, மூன்றாம் பருவத்தை அடைகின்றது. அப்பருவத்துக் குடம்பி, புல்லின் மேற் படிந்துள்ள நீர்ப்படலத்தின் வழியே தாளில் ஏறி, தன்னை உண்ணவரும் ஆட்டுக்காகக் காத்திருக்கின்றது. ஆடு புல்லை மேயும்போது குடம்பியும் உள்ளே செல்கின்றது. அது நான்காம் இரைப்பையின் சுவரை அடைந்து, மேலும் தோலுரித்து, ஏறத்தாழ மூன்று வாரங்களில் முட்டையிடும் புழுவாகின்றது. இவ்வாறு ஒரு மழையிற் பெருகிய குடம்பி அடுத்த திங்களில் ஆட்டின் குருதியைக் குடிக்கும் புழுவாகிவிடுகின்றது.

ஒரு புழு குருதியாகக் கொள்வதும், அது கடித்த வாயிலிருந்து கசிவதுமாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மி.லீ. குருதி வீணாகின்றது. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 5,000 புழுக்களைத் தாங்கும் ஆடு நாள்தோறும் 250 மி.லீ. குருதியை இழக்கின்றது. முப்பது கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் ஓடும் குருதி முழுவதும் ஏறத்தாழ 2 லீற்றரேயாம். அஃதாவது, எட்டு நாள்களில் தன் உடலிலுள்ள குருதி முழுவதற்கும் ஈடான குருதியை அது இழந்துவிடுகின்றது. உடல் புதுக்குருதியை உண்டாக்கும் வேகம் இவ்விழப்புக்கு ஈடுகொடாதபோது மரணம் நேர்கின்றது.

இனி, ஆடு வளர்ப்போர் பலரும் கண்டிருக்கக்கூடிய ஒரு வியப்பு உண்டு. ஒரே புற்றரையில், ஒரே நாளில், ஒரே புல்லை மேய்ந்த நூறு ஆடுகளும் ஒருசேர நோய்ப்படுவதில்லை. சில இறக்கின்றன, சில மெலிகின்றன, பலவோ யாதொரு குறையுமின்றித் திரிகின்றன. சிட்னி நகரிலுள்ள மக்மாஸ்ரர் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கோர்டன், விற்லொக் என்னும் இருவர், பிழுக்கையிலுள்ள புழுமுட்டைகளை எண்ணுவதற்குரிய எளிய கண்ணாடி அறை ஒன்றை 1939இல் அறிமுகஞ் செய்தனர். உலகெங்கும் இன்றும் அம்முறை கையாளப்படுகின்றது. இவ்வாறு எண்ணிப் பார்த்த இடங்களிலெல்லாம் ஒரே உண்மை வெளிப்பட்டது. மந்தையிலுள்ள புழுக்களிற் பெரும்பகுதி சிறுபான்மையான சில ஆடுகளின் வயிற்றிலேயே குடியிருக்கின்றது. ஏனைய ஆடுகள் அதே குடம்பிகளை விழுங்கியும் அவற்றை வளரவிடுவதில்லை. அவ்வாடுகளின் உள்ளே யாதோ ஒரு காவல் இயங்குகின்றது என்பது இதனால் தெளிவாகும்.

அக்காவலை முதன்முதல் முறைப்படி நோக்கி எழுதியவர்களுள் அமெரிக்க விஞ்ஞானியான நோர்மன் ஸ்ரோல் முதன்மையானவர். புற்றரையில் மேய்ந்து மீண்டும் மீண்டும் புழுத்தொற்றுக்கு ஆளான செம்மறிக் குட்டிகளின் முட்டை எண்ணிக்கையை அவர் தொடர்ந்து கணக்கிட்டு, 1929இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எண்ணிக்கை நாளுக்கு நாள் உயர்ந்து சென்றது. குட்டிகளுக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று தோன்றிய வேளையில், மருந்து ஒன்றும் கொடாமலே, அவ்வெண்ணிக்கை திடீரெனச் சரிந்து வீழ்ந்தது. வயிற்றிலிருந்த புழுக்கள் வெளியேற்றப்பட்டுவிட்டன. அதன்பின் அக்குட்டிகளுக்குப் பெருந்தொகையான குடம்பிகளைக் கொடுத்தபோதும் அவை நோய்ப்படவில்லை. இந்நிகழ்ச்சிக்கு ஸ்ரோல் தற்குணப்பாடு என்று பொருள்படும் பெயரை இட்டார். ஆட்டின் உடல் தனக்குத் தானே மருத்துவம் செய்துகொண்டது என்பதே அதன் கருத்து.

இது எவ்வாறு நிகழ்கின்றது? மக்மாஸ்ரர் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஸ்ரூவேட் என்பவர் 1953இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். முன்னரே புழுவை அறிந்துள்ள ஆடு, புதிதாகக் குடம்பிகளை விழுங்கும்போது, அதன் குருதியில் ஹிஸ்ரமின் என்னும் பொருள் மிகுகின்றது. சிலருக்குப் பூந்தூளினால் தும்மலும், வேறு சிலருக்கு இறால் உண்டதனால் தோற்றடிப்பும் உண்டாவதற்குக் காரணமாய் நிற்பதும் இதே பொருளே. ஆகவே ஆட்டின் இரைப்பையில் நிகழ்வதும் ஒருவகை ஒவ்வாமைக் கொந்தளிப்பே என அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் எல்லாத் தற்குணப்பாட்டுக்கும் இஃதொன்றே காரணமன்று. புதிய குடம்பிகள் உட்செல்லாத நிலையிலும் புற்றரை ஆடுகளில் புழுக்கள் கழிவதுண்டு என அலன்பி, ஏர்க்கட் என்னும் இருவர் கென்யாவிற் செய்த ஆராய்ச்சி 1973இல் தெரிவித்தது. இயற்கை ஒரே வழியாற் செல்வதில்லை.

அக்காலத்திற்குப் பின் வளர்ந்த நிர்ப்பீடனவியல் இக்காவலின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்துள்ளது. பற்றீரியா, வைரசு முதலிய நுண்கிருமிகளை உடலின் வெண்குழியங்கள் விழுங்கி அழிக்கவல்லன. புழுவோ அத்தகைய குழியத்தைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு பெரியது; அதனை விழுங்குதல் இயலாது. ஆதலின் உடல் வேறொரு போர்முறையைக் கைக்கொள்கின்றது. இரைப்பைச் சுவரில் மாஸ்ற் கலங்கள் எனப்படும் காவற் கலங்கள் பெருகுகின்றன. ஐ.ஜீ.ஈ. என்னும் பிறபொருளெதிரி அவற்றின்மீது அமர்ந்து, புழுவின் பொருள் தீண்டியவுடன் அவற்றை வெடிக்கச் செய்கின்றது. ஹிஸ்ரமினும் அதுபோன்ற பிற பொருள்களும் வெளிப்படுகின்றன. சளிப்படலம் தடிக்கின்றது, குடலசைவு விரைவாகின்றது, நிலைகொள்ள இடமின்றிப் புழு வழுக்கி வெளியேறுகின்றது. இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஏற்கும் வெண்குழியங்கள் திரண்டுவந்து இளங்குடம்பிகளைச் சூழ்ந்து தாக்குகின்றன.

ஐ.ஜீ.ஏ. என்னும் மற்றொரு பிறபொருளெதிரியின் தொழில் இதனினும் நுட்பமானது. குளிர்நாட்டுச் செம்மறிகளின் இரைப்பையில் வாழும் ரெலடோர்சேஜியா என்னும் பழுப்புநிறப் புழுவைப்பற்றி, 1990களில் ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்ரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் விரிவாக ஆராய்ந்தனர். இப்பிறபொருளெதிரி மிகுதியாகவுள்ள குட்டிகளின் வயிற்றில் புழுக்கள் இறந்துவிடவில்லை. ஆனால் அவை குறுகிப்போயிருந்தன. குறுகிய புழு இடும் முட்டைகளோ மிகச் சில. எதிரியைக் கொல்லாமலே அதன் வளர்ச்சியையும் வமிசத்தையும் கட்டுப்படுத்தும் தந்திரம் இது. இளங்குட்டி முதலிற் கற்பது புழுவின் வளர்ச்சியை அடக்குவதையே. புழுக்களின் தொகையையே குறைக்கும் ஆற்றல் வயது முதிர்ந்த பின்னரே கைகூடுகின்றது.

இங்கே ஆடு வளர்ப்போர் மறக்கலாகாத உண்மை ஒன்று உண்டு. இவ்வுட்காவல் பிறவியிலேயே முழுமையாக அமைந்து கிடப்பதன்று. புழுவோடு பழகிப் பழகி வளர்வது. பால் மறந்து புல் மேயத் தொடங்கும் குட்டிக்கு இக்காவல் இன்னும் தேறவில்லை. ஆகையால் மந்தையில் முதலிற் சாவது குட்டியே. புழுவையே காணாது வளர்க்கப்பட்ட குட்டிக்கும் இக்காவல் உண்டாவதில்லை. அளவோடு குடம்பிகளை விழுங்கி, திங்கள் பல அவற்றோடு போராடிய குட்டியே வலிய ஆடாகின்றது. அளவு மிஞ்சினாலோ கற்றுக்கொள்ளுமுன் உயிர் போய்விடுகின்றது. குட்டியின் முதல் ஆண்டு இவ்விரு எல்லைகளுக்கும் இடையே செல்லும் ஒற்றையடிப் பாதை போன்றது.

முதிர்ந்த ஆட்டிலும் இக்காவல் தளரும் காலம் ஒன்று உண்டு. மறியாடு ஈனுவதற்குச் சற்று முன்னரும், பால் கொடுக்கும் முதற்கிழமைகளிலும், அதன் பிழுக்கையில் முட்டைகளின் தொகை திடீரென உயர்கின்றது. கருவை வளர்த்தற்கும் பால் சுரத்தற்கும் புரதம் பெரிதும் வேண்டியிருத்தலின், உடல் தன் காவலுக்குச் செலவிடும் புரதத்தைக் குறைத்துக்கொள்கின்றது. பிறக்கும் குட்டிகள் மேயவிருக்கும் தரையிலே தாயே முட்டைகளை விதைத்துவிடுகின்றது. இரட்டைக் குட்டிகளைச் சுமக்கும் தாயிடம் இத்தளர்ச்சி அதிகம். இக்காலத்தில் தாய்க்குப் புரதம் மிகுந்த தீனி கொடுத்தால் முட்டைகளின் தொகை குறைகின்றது என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நல்ல தீனி உடலை வளர்ப்பது மட்டுமன்று, காவலையும் வளர்க்கின்றது.

இயற்கையின் இக்காவலை ஆராய்ந்தோர் ஒருபுறமிருக்க, மருந்தைக் கண்டுபிடித்தோர் மறுபுறம் விரைந்து முன்னேறினர். 1961இல் தயபெண்டசோல் என்னும் மருந்து வெளிவந்தது. முன்னிருந்த மருந்துகளைவிட அது பாதுகாப்பானதாகவும் வலிமை மிக்கதாகவும் விளங்கிற்று. ஒருமுறை வாயில் ஊற்றினாற் போதும், புழுக்கள் யாவும் ஒழிந்தன. இனி ஆட்டுப்புழுவைப்பற்றிக் கவலையில்லை என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் 1964ஆம் ஆண்டிலேயே அம்மருந்துக்கு மடியாத ஹீமொங்கஸ் புழுக்கள் அமெரிக்காவிலே காணப்பட்டன. 1981இல் ஐவமெக்ரின் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அம்மருந்துக்கு மூலமான பொருளைக் கண்டறிந்த வில்லியம் காம்பெல், சதோசி ஒமுரா என்னும் இருவர்க்கும் 2015இல் நோபெல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. ஆயினும் தென்னாபிரிக்காவின் செம்மறிப் புழுக்கள் 1980கள் முடியுமுன்னரே அதனையும் தாங்கப் பழகிவிட்டன. 2009இல் நியூசிலாந்தில் மொனெபன்ரெல் என்னும் புதுமருந்து வெளியிடப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 2013இல், அதற்கும் அடங்காத புழுக்கள் அந்நாட்டிலேயே அறியப்பட்டன.

இதன் காரணம் வெளிப்படை. மந்தை முழுவதற்கும் அடிக்கடி மருந்து ஊற்றும்போது, மருந்துக்கு மடியும் புழுக்களெல்லாம் மடிகின்றன. தற்செயலாகத் தாங்கும் வல்லமையோடு பிறந்த சில புழுக்கள் மாத்திரம் எஞ்சுகின்றன. அடுத்த தலைமுறை அவற்றின் குழந்தைகளே. அன்றியும், தீங்கு வேறு ஒன்றும் உண்டு. மருந்தின் நிழலில் வளரும் மந்தையில் வலிய ஆடும் மெலிய ஆடும் ஒன்றுபோலவே காட்சி தருகின்றன. தன் உட்காவலாற் பிழைத்த கடா எது, மருந்தினாற் பிழைத்த கடா எது என்பதை உடையவன் அறிய வழியில்லை. காவலற்ற கடாவையும் அவன் தந்தையாக வைத்துக்கொள்கின்றான். இவ்வாறு புழு வலிமை பெற்றுவர, ஆடு வலிமை இழந்துவருகின்றது.

இந்நிலையை மாற்றத் தென்னாபிரிக்கக் கால்நடை வைத்தியர்கள் மிக எளிய வழியொன்றைக் கண்டனர். ஆட்டின் கீழிமையைச் சற்றே விலக்கி, உட்புறத்தின் நிறத்தை ஓர் அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிடுதலே அவ்வழி. முதல் நிறம் செஞ்சிவப்பு. ஐந்தாவது வெளிறிய வெண்மை. மலன் என்னும் வைத்தியரின் பெயரைக் கொண்டு அவ்வட்டைக்கு வமாச்சா என்று பெயரிட்டனர். இமை வெளிறிய ஆடுகளுக்கு மாத்திரமே மருந்து கொடுக்கப்படும். ஏனையவற்றின் வயிற்றிலுள்ள சில புழுக்கள் மருந்தைக் காணாமலே எஞ்சுகின்றன. மருந்துக்கு மடியும் இயல்புடைய அவை, மடியாத புழுக்களோடு கலந்து அவற்றின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. எந்த ஆடு மீண்டும் மீண்டும் மருந்தை நாடுகின்றது, எந்த ஆடு ஆண்டு முழுவதும் மருந்தின்றி வாழ்கின்றது என்பது உடையவனுக்குத் தெரிந்துவிடுகின்றது.

அவ்வாறு தெரிந்துகொண்ட ஆட்டை என்செய்வது? இவ்விடத்தே பரம்பரையியல் கைகொடுக்கின்றது. ஆடுகளுக்கிடையே முட்டை எண்ணிக்கையிற் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை பெற்றோர்வழி வருவது எனப் பல நாட்டு ஆராய்ச்சிகள் மதிப்பிட்டுள்ளன. அவுஸ்திரேலியாவில் ஆமிடேல் நகரையடுத்த மேட்டுநிலத்தில் மெறினோ ஆடுகளைச் சோதித்தபோது, ஒரு கடாவின் குட்டிகள் ஏனைய கடாக்களின் குட்டிகளைவிட மிகக் குறைந்த முட்டைகளையே வெளியிட்டன. அக்கடாவுக்குப் பொற்கடா என்றே பெயர் வழங்கிற்று. அதன் வமிசத்தைக் கொண்டு ஒரு மந்தையே உருவாக்கப்பட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 1987 முதல் றைலிங்ரன் மெறினோ என்னும் மந்தை, குறைந்த முட்டை எண்ணிக்கை ஒன்றையே நோக்காகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. தலைமுறைதோறும் முன்னேற்றம் சிறிதேயாயினும், ஒருமுறை கிடைத்த முன்னேற்றம் கைவிட்டுப் போவதில்லை.

புழு மருந்தை வென்றதுபோல வலிய ஆட்டையும் வென்றுவிடாதா என்ற ஐயம் நேயர்களுக்கு எழலாம். அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளுக்கும் அவ்வையம் எழுந்தது. ஹீமொங்கஸ் புழுவைப் பல தலைமுறைகள் வலிய ஆடுகளிலேயே வாழச்செய்து, பின்னர் அது அவ்வாடுகளோடு பொருந்திக்கொண்டதா எனச் சோதித்தனர். பொருந்திக்கொண்டதற்கு அறிகுறி ஏதும் இல்லை என்று 1992இல் அறிவித்தனர். மருந்து பெரும்பாலும் புழுவின் உடலில் ஓரிடத்தையே தாக்குகின்றது. அவ்வோரிடம் மாறினால் புழு தப்பிவிடும். ஆட்டின் உட்காவலோ பரம்பரையலகுகள் பலவற்றின் கூட்டு முயற்சி. சளி, குழியங்கள், பிறபொருளெதிரிகள் எனப் பல திசைகளினின்றும் தாக்கும் படையை ஒரே மாற்றத்தினால் வெல்லுதல் எளிதன்று.

மனிதர் தெரிந்தெடுக்குமுன்னரே இயற்கை தெரிந்தெடுத்த இனங்களும் உள. கென்யாவிலும் தன்சானியாவிலும் மசாய் என்னும் மேய்ச்சற் குடியினர் வளர்த்துவரும் செம்மசாய் ஆடு அவற்றுள் ஒன்று. செம்பழுப்பு நிறமும் கொழுத்த வாலும் உடைய அவ்வாடு கம்பளி தராதது, உருவத்திற் சிறியது. ஆனால் ஹீமொங்கஸ் புழுவை அது மெறினோவையும் டொர்ப்பரையும்விட நன்கு எதிர்க்கின்றது என்பதைப் பிறெஸ்ரன், அலன்பி என்னும் இருவர் 1970களின் இறுதியில் எடுத்துக்காட்டினர். டொர்ப்பர் என்பது தென்னாபிரிக்காவில் இறைச்சிக்காக உருவாக்கப்பட்ட பெரிய இனம். அதன் விரைவான வளர்ச்சியைக் கண்ட கென்ய அரசாங்கம், 1970களின் நடுப்பகுதியில் டொர்ப்பர்க் கடாக்களை மானிய விலையிற் பரப்ப முற்பட்டது. ஊர்தோறும் செம்மசாய் ஆடுகள் அவற்றோடு கலக்கப்பட்டன.

அதன் பயன் யாதாயிற்று? மொம்பாசா நகருக்குத் தெற்கே, ஈரம் மிகுந்த கடற்கரைப் பகுதியாகிய டியானியில், 1991 முதல் 1996 வரை இவ்விரு இனங்களும் அருகருகே வளர்க்கப்பட்டு ஒப்பிடப்பட்டன. செம்மசாய்க் குட்டிகளின் முட்டை எண்ணிக்கை குறைவாக இருந்தது. குருதிவளம் சிறந்து நின்றது. இறப்பும் குறைந்து காணப்பட்டது. ஒவ்வோர் ஆடாக நிறுத்துப் பார்த்தால் டொர்ப்பர் பெரியது. ஆனால் மந்தை முழுவதையும் ஒருங்கே கணக்கிட்டால், ஈரநிலத்தில் உடையவனுக்கு மிகுந்த பயனைத் தந்தது சிறிய செம்மசாயே. வறண்ட உள்நாட்டில், புழுத்தொல்லை குறைந்த இடத்தில், டொர்ப்பர் பின்தங்கவில்லை என்பதையும் சொல்லுதல் நேர்மையாகும். நல்ல இனம் எது என்ற வினாவுக்கு இடத்தையும் காலத்தையும் நோக்காது விடை கூறலாகாது. ஆனால் இவ்வுண்மை வெளிப்பட்டபோது கலப்பற்ற செம்மசாய் மந்தைகள் அருகிவிட்டன. பல நூற்றாண்டுகளாகப் புழுவும் ஆடும் பொருது விளைந்த செல்வம், உருவத்தை மட்டும் கண்ட அவசரத்தினால் அழியும் நிலையை அடைந்தது.

அம்மைக்குப் பால்குத்துவதுபோல ஆட்டுப்புழுவுக்கும் தடுப்பூசி உண்டாக்க இயலாதா? கிளாஸ்கோ விஞ்ஞானிகள் மாடுகளின் நுரையீரற் புழுவுக்கு, கதிர்வீச்சினால் வலியொடுக்கப்பட்ட குடம்பிகளைக் கொண்டு தடுப்பு மருந்து ஆக்கினர். அது 1959இல் விற்பனைக்கு வந்தது. அதே முறையை ஹீமொங்கஸ் புழுவுக்குக் கையாண்டபோது ஏமாற்றமே விளைந்தது. ஏழு மாதக் குட்டிகள் காப்புப் பெற்றன; காப்பு மிகவும் வேண்டிய இளங்குட்டிகளோ பெறவில்லை. கற்கும் பருவம் வராத குட்டிக்கு எவ்வளவு கற்பித்தும் பயனில்லை என்பதே 1960களில் கிடைத்த பாடம்.

பின்னர் வந்தோர் வேறு வழியை நாடினர். புழுவின் குடற்சுவரில் சில புரதங்கள் உள்ளன. இயற்கையான தொற்றின்போது அவை ஆட்டின் காவலுக்குத் தென்படுவதில்லை. அப்புரதங்களைப் பிரித்தெடுத்து ஆட்டுக்கு ஊசிமூலம் ஏற்றினால், அதன் குருதியில் அவற்றுக்குரிய பிறபொருளெதிரிகள் உண்டாகும். புழு குருதியைக் குடிக்கும்போது தன்னை அழிக்கும் பொருளையும் சேர்த்தே குடிக்கின்றது. எடின்பரோவை அடுத்துள்ள மொரடன் ஆராய்ச்சி நிலையமும் மேற்கு அவுஸ்திரேலிய விவசாயத் திணைக்களமும் கூடி உழைத்ததன் பேறாக, பாபர்வக்ஸ் என்னும் இத்தடுப்பு மருந்து 2014இல் அவுஸ்திரேலியாவில் வெளியிடப்பட்டது. குறையும் உண்டு. இயற்கைத் தொற்று இக்காப்பை நினைவூட்டாதாகையால், ஏறத்தாழ ஆறு கிழமைக்கு ஒருமுறை ஊசி ஏற்றவேண்டும். மருந்துக்கு வேண்டிய புரதமும் ஆட்டின் வயிற்றில் வளர்ந்த புழுக்களிலிருந்தே எடுக்கப்படுகின்றது. அது துணையாகுமேயன்றி, ஆட்டின் சொந்தக் காவலுக்கு ஈடாகாது.

உட்காவலுக்கும் விலை உண்டு என்பதை மறைத்தல் தகாது. புழுவை வன்மையாக எதிர்க்கும் ஆடுகள் சில, குடம்பிகளை விழுங்கும் பருவத்தில், அவ்வெதிர்ப்பின் கொந்தளிப்பினாலேயே கழிச்சலுக்கு உள்ளாகின்றன. புழு சிறிதே இருந்தும் வால்புறம் அழுக்காகி, ஈ மொய்க்கின்றது. றைலிங்ரன் மந்தை வளர்ந்த குளிர்கால மழைநாட்டில் இது பெருந்தொல்லையாகக் காணப்பட்டது. ஆகவே முட்டை எண்ணிக்கை ஒன்றையே நோக்காது, உடல் வளர்ச்சி, கழிச்சலின்மை ஆகியவற்றையும் சேர்த்தே கடாவைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இலங்கையின் வரண்ட பிரதேசத்து ஆடுகளிலும் இரைப்பை, குடற் புழுக்கள் பரவியுள்ளமை ஆராய்ச்சிகளால் அறியப்பட்டுள்ளது. அவற்றுள் ஹீமொங்கஸும் ஒன்று. வடகீழ்ப் பருவமழை தரையை நனைக்கும் மாரிகாலமே குடம்பிகளுக்கு ஏற்ற காலம். வெள்ளாடு வைத்திருப்போர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்று. இயல்பில் குழை தின்று வாழும் வெள்ளாடு, புல் மேயும் செம்மறியைப்போல இப்புழுவோடு போராடிப் பழகியதன்று. அதன் உட்காவல் செம்மறியின் காவலிலும் குறைந்ததே. குடம்பிகள் நிலத்தை ஒட்டிய புல்லிலேயே பெரும்பாலும் தங்குவன. உயரத்தில் வெட்டிய பூவரசங்குழையிலும் கிளுவைக் குழையிலும் முருக்கங்குழையிலும் அவை இருப்பதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிற் குழையைக் கட்டித் தூக்கி ஆட்டுக்குக் கொடுக்கும் பழைய வழக்கம் இவ்வகையில் அறிவுக்குப் பொருந்தியதே. அதனை விடுத்து, மாரிகாலத்தில் ஈரப்புல்லில் வெள்ளாட்டைக் கட்டுதல் புழுவுக்கு வழிவிடுவதாகும்.

ஆடு வளர்ப்போர் செய்யத்தக்கவை அரியனவல்ல. கிழமைக்கு ஒருமுறை இமையை விலக்கிப் பார்த்தல். வெளிறியவற்றுக்கு மாத்திரம், வைத்தியர் கூறும் அளவில், மருந்து கொடுத்தல். ஈனும் மறிக்கு நல்ல தீனி இடுதல். குட்டிகளைக் கூடியவரை புதுத்தரையில் மேயவிடுதல். மருந்தை அடிக்கடி நாடும் கடாவை எவ்வளவு அழகாயிருப்பினும் இனப்பெருக்கத்துக்கு வையாது விற்றுவிடுதல். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை, கவனமே வேண்டும்.

புழுவே இல்லாத மந்தை என்பது மேய்ச்சல் நிலத்தில் கைகூடாத கனவு. ஆட்டுக்கு வேண்டியது, சில புழுக்களைச் சுமந்தும் குருதி குன்றாது, குட்டி ஈன்று, பால் கொடுத்து வாழும் வல்லமையே. அவ்வல்லமை மருந்துப் புட்டியில் இல்லை. ஆட்டின் உடலிலும் அதன் முன்னோர் வழியிலும் உள்ளது. மருந்து இன்றைய குட்டியைக் காக்கும். நாளைய குட்டியைக் காக்கப்போவது இன்று எந்தக் கடாவை மந்தைக்குத் தந்தையாக வைக்கின்றோம் என்பதே.